பேட்டை முழுசுக்கும் ஒரே ஜாமீன்

நெல்லையப்பர் சாட்சியாக, தாமிரபரணி சாட்சியாக, இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் குறுக்குத்துறைப் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி இதே சத்தியத்தை மறுபடியும் கேட்கலாம். வார்த்தை மாறாமல் கிடைக்கும்.

பூதலிங்கம் பத்திர ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாசம் பிறந்தால் பென்ஷன், குடியிருக்கச் சொந்த வீடு, வெற்றிலை தவிர வேறு பழக்கம் கிடையாது. இப்படி ஒரு ஆள் அமைந்துவிட்டால் பேட்டையில் அவருக்கு ஒரே வேலைதான். கடன் வாங்கினவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் காப்பி ஆறுவதற்குள் யாராவது வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, ஒரு சின்னக் கையெழுத்து."

பூதலிங்கத்துக்கு முடியாது என்று சொல்ல வராது. ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினார். கண்ணாடியில் தெரிந்த ஆளின் முகம் வாடிப்போனதைப் பார்த்து மனசு கேட்காமல் அவனுக்கும் கையெழுத்துப் போடுவதாக ஒத்துக்கொண்டார்.

ஊர் முழுக்க அவரைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஜாமீன் கேட்டால், நமக்குக் கடன் இருக்கிற விஷயம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துபோகும். பூதலிங்கத்திடம் சொன்னால் வெளியே போகாது. வெற்றிலை போட்ட வாயை அவர் வீணாகத் திறக்கிறவர் இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஊருக்கு ஊர் பைனான்ஸ் கம்பெனிகள் பூட்டைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் பணம் போட்டு, கடனும் வாங்குகிற பேட்டை பொருநை சாசுவத நிதியின் செக்ரட்டரி ஆவுடைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. "எந்தக் கடன் திரும்பும், எந்தக் கடன் முழுகும்னு முன்கூட்டியே சொல்லுத மெஷின் இருக்காம் வே" என்று டைரக்டர்களைப் பிடித்து, மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்துவிட்டார். அதை ஓட்டுவதற்குப் பாளையங்கோட்டையிலிருந்து கரோலின் வந்தாள். கணக்கில் பட்டம் வாங்கி, மேற்கொண்டு கம்ப்யூட்டரும் படித்த பெண்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆவுடைநாயகம் கூடுதலாகக் குரங்குக் குல்லாய் வேறு போட்டுக்கொள்வார். அந்த வருஷம் குற்றாலத்துக்குப் போக வசதிப்படாத டெபாசிட்காரர்கள் பாஸ்புக்கைக் காட்டிவிட்டு, அறைக்குள் சற்று நேரம் நின்று, தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கரோலின் எல்லாக் கடனையும் உள்ளே ஏற்றினாள். யாருக்கு யார் ஜாமீன், அந்த ஜாமீன்காரர் சாய்ந்தால் எந்தெந்தக் கடன் சாயும் என்று படம் போடச் சொன்னாள். பிரிண்டர் இரைய ஆரம்பித்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற காகிதம் வாசல் வழியாக இறங்கி, ரோட்டோடு போய், ரயில்வே கேட்டை எட்டிவிட்டது. கேட் கீப்பர் செங்கோட்டை பாசஞ்சரை நிறுத்திவைத்து, காகிதத்தை முதலில் போகவிட்டார். கடன்காரர்களிடமிருந்து கிளம்பின கோடுகள் எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரே பெயரில் போய் முடிந்தன.

"சார், நிதி மொத்தமும் ஒரே ஆள் மேல நிக்குது" என்றாள் கரோலின். "பூதலிங்கம்னு ஒருத்தர்."

"அண்ணாச்சி நல்ல மனுசன்லா."

"நல்லவர்தான் சார். ஆனா அவருக்குக் காய்ச்சல் வந்தா, நிதிக்கு ஜன்னி வந்துரும்."

அதற்கப்புறம் தினமும் கம்ப்யூட்டரில் ஒரு எண் வந்தது. நிதிக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்கிற எண். பூதலிங்கம் காலையில் நடந்துவிட்டு வந்தால் எண் இறங்கும். உளுந்தவடை சாப்பிட்டால் ஏறும். ரெண்டாவது வடைக்குக் கம்ப்யூட்டரே கீகீ என்று கத்தும்.

டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். பூதலிங்கம் நடக்கிற தெருவில் தென்னை மரங்களில் காய் இருக்கக் கூடாது. இளநீரிலேயே பறித்துவிட வேண்டும். டவுன் பஸ் அவர் வீட்டைத் தாண்டும்போது டிரைவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முகச்சவரம் என்றால் கத்திக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு டைரக்டர் நிற்க வேண்டும். ஆற்றில் குளிக்கலாம், கணுக்கால் வரைக்கும். ஒரு நாள் காய்கறிச் சந்தையில் அவருக்கு விக்கல் எடுத்தது. டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு நின்ற வரிசை ஜங்ஷன் வரைக்கும் போய்விட்டது. யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கலைந்தது.

பூதலிங்கம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். தன்னால் ஒரு நிதி நிற்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அப்போதுதான் பம்பாயிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். மகள் மதுமதிக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்கு வர வேண்டியவளை, பிரயாணம் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் படுக்கையில் போட்டிருக்கிறார். "அப்பாவைப் பாக்கணும்னு அழுதா" என்று மாப்பிள்ளை சொன்னார்.

பூதலிங்கத்தின் மனைவி கோமு அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இறக்கினாள். "நான் கிளம்பப் போறேன். நீங்க வாரியளா, இல்ல அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குக் காவல் கிடக்கியளா?"

பூதலிங்கம் ஆவுடைநாயகத்திடம் போனார். அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போகாதியன்னு எந்த வாயால சொல்ல அண்ணாச்சி. ஆனா பம்பாய் ரயிலு எத்தனை ஆத்தைத் தாண்டுது. கரோலின் போட்டுப் பாத்துட்டா. நீங்க திண்டுக்கல் தாண்டுனதுமே நிதி திவாலுன்னு வருது."

"கொடைரோடு வரைக்கும் போகலாமாவே?"

"அதுவரைக்கும் போகலாம்னு சொல்லுது."

"கொடைரோட்டுல எனக்கு யாரு இருக்கா?"

பூதலிங்கம் எழுந்து ஏசி அறைக்குள் போனார். கரோலின் எழுந்து நின்றாள்.

"ஏம்மா, நான் என்ன செஞ்சா இந்தப் பொட்டி என்னைய விடும்?"

"உங்க பேரு இருக்கிற இடத்துல எல்லாம் வேற வேற ஆளு வரணும் சார். ஒரு தூணு மேல இருக்கிறதைப் பல தூணுக்கு மாத்திட்டா நீங்க எங்க வேணா போகலாம்."

"அதுக்கு இவங்க ஒருத்தனுக்கொருத்தன் கையெழுத்துப் போடணும். கடன் இருக்குன்னு ஒருத்தன்கிட்ட ஒருத்தன் சொல்லணும். உசுரு போனாலும் சொல்ல மாட்டானுவளே."

"நீங்க சொல்லிருங்களேன் சார்."

பூதலிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "சொல்லுத ஆளா இருந்தா என்கிட்ட எதுக்கும்மா வாரான்?"

ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமாக வேண்டி ஒரு சாப்பாடு என்று சொல்லி, ஊரைக் கூப்பிட்டார். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதிச் சாப்பாடு. அதைக் கேட்டபிறகு திருநெல்வேலியில் வராமல் இருக்கிற ஆள் கிடையாது. பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற முகம்மது மைதீன் வந்தார். சேரன்மகாதேவியில் வயல் வைத்திருக்கிற மாரிக்கண்ணு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுவிசேஷமுத்து முன்கூட்டியே வந்து இடம் பிடித்தார். வரிசை வரிசையாக ஆள் உட்கார்ந்து, தெருவையே பந்தலாக்க வேண்டியதாயிற்று. ஆவுடைநாயகம் கடைசி இலையில் இருந்தார்.

சொதி ஊற்றினதும் பூதலிங்கம் நடுவில் வந்து நின்றார்.

"சாப்பிடுததுக்கு முன்னால ஒண்ணு. என்கிட்ட ஜாமீன் கையெழுத்து வாங்காதவங்க மட்டும் எந்திரிச்சு, அந்த வேப்பமரத்தடிப் பந்திக்குப் போயிருங்க. அங்கன காத்தும் நல்லா வருது. பாயசமும் ரெண்டு தரம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. சொதியிலிருந்து ஆவி மட்டும் எழுந்தது. எல்லாரும் தங்கள் இலையில் இருக்கிற உப்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் போட்டிருந்த இலைகளில் ஒன்று காற்றில் புரண்டது.

முகம்மது மைதீன் பைய தலையைத் தூக்கினார். "ஏலே மாரிக்கண்ணு, பாயசம்னா உசுரை விடுவியே. ஏன் எந்திரிக்கல?"

"இங்கன உக்காந்தது சௌரியமா இருக்கு அண்ணாச்சி. நீங்க ஏன் எந்திரிக்கலை?"

"எனக்கு முட்டு வலி."

"வாத்தியாருக்கு?"

"எனக்கும் முட்டுதான்" என்றார் சுவிசேஷமுத்து. "இவரைப் பாத்ததும் வந்துட்டு."

எங்கிருந்தோ ஒருவர் சிரித்துவிட்டார். அது இலைக்கு இலை தாவி வந்தது. கடைசியில் எல்லார் பார்வையும் ஆவுடைநாயகத்திடம் போய் நின்றது. செக்ரட்டரி இன்னும் இலை முன்னால்தான் இருந்தார்.

"செக்ரட்டரி அண்ணாச்சி, நீங்களாவது போய் ரெண்டு பாயசம் குடிக்கலாம்லா" என்றார் மைதீன்.

"எனக்குச் சர்க்கரை வியாதி வே" என்றார் ஆவுடைநாயகம். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மக கல்யாணத்துக்கு வாங்குனது. இங்கன யாருக்கு இல்ல, சொல்லுங்க பாப்போம்."

ஒளிந்துகொள்ள ஆள் மிச்சமில்லை என்றதும் சாப்பாடு இறங்கின வேகமே வேறு. கோமு மறுபடியும் சோறு வடிக்க வேண்டியதாயிற்று. கை கழுவினவர்கள் அந்த ஈரத்தோடேயே, பந்தல் ஓரத்தில் கரோலின் போட்டு உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்தார்கள். யார் யாருக்குக் கையெழுத்துப் போடுவது என்று அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். லேத்துக்காரருக்கு வயல்காரர், வயல்காரருக்கு வாத்தியார், வாத்தியாருக்குக் கடைக்காரர். மழை பொய்த்த வருஷமும் லேத்து சுற்றும், கரண்டு இல்லாத நாளிலும் நெல் விளையும், எது நின்றாலும் பள்ளிக்கூடத்துச் சம்பளம் வரும் என்று அவள் கணக்கு. மைதீனுக்குக் கையெழுத்துப் போட்ட மாரிக்கண்ணு பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு முன்னால என்னைய நம்பி யாரும் ஜாமீன் கேட்டதில்ல அண்ணாச்சி" என்றார்.

"கேக்கணும்னு எனக்கும் தோணலையேலே" என்றார் மைதீன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி அடிமட்டத்துக்குப் போய், அதற்குக் கீழே போக இடமில்லாமல் நின்றது. பிரிண்டர் தானாகவே ஒரு துண்டுக் காகிதத்தைத் தள்ளியது. அதில் தமிழில், "அண்ணாச்சி போயிட்டு வரலாம்" என்று இருந்தது.

ஜங்ஷனுக்கு ஊரே வந்து வழியனுப்பியது. பூதலிங்கம் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், பிளாட்பாரத்திலிருந்து ரெண்டு உளுந்தவடை வாங்கித் தின்றது. யாரும் கத்தவில்லை. திண்டுக்கல் தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். தெற்கே எதுவும் இடிந்து விழுந்ததாகத் தெரியவில்லை.

பம்பாய் ஆஸ்பத்திரியில் மதுமதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் பேத்தி பிறந்தாள். நர்ஸ் ஒரு தாளோடு வந்து, குழந்தைக்குப் பொறுப்பாக யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மாப்பிள்ளை சட்டைப்பையில் பேனாவைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குள் பூதலிங்கம் மூடியைத் திருகிவிட்டார்.

பொருநை நிதியின் கம்ப்யூட்டர் இன்றைக்கும் மாடி அறையில்தான் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்கள் ஏறிப் பார்க்கலாம். அட்டைப்பெட்டி மேல் மெட்ராஸில் ஒட்டின டேப்பை இதுவரை யாரும் பிரிக்கவில்லை.