மூலையில் குறைந்த தாள்

எங்கள் டைல்ஸ் கடைக்காகத் தம்பி அச்சடித்து வந்த விளம்பரத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் விவரமெல்லாம் ஒழுங்காக இருந்தது. மறுபக்கம் முழுக்க ஒரே ஒரு டைலின் படம், அசல் அளவில், ஓரம்கூட விடாமல்.

"கடைப் பேரு எங்கடா?"

"பின்னாடி இருக்குக்கா. பூவைப் பாத்து மயங்குறவங்க திருப்பிப் பாக்க மாட்டாங்களா?"

"நீதான் மயங்கிக் கிடக்கிற."

தெருமுனைத் தையல்காரி மட்டும் நாள் தவறாமல் கடைக்கு வந்து அந்தத் தாள்களை ஒரு கை அள்ளிப் போனாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சும்மா கிடைக்குதுன்னு அடுப்பெரிக்கவா எடுத்துட்டுப் போற?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "வீட்டுக்கு வந்து பாருங்கக்கா," என்றாள்.

சண்டை போடும் தெம்போடுதான் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையில் சுவருக்குச் சுவர் எங்கள் தாள்கள். ஒன்றின் கொடி அடுத்ததில் பிசிறில்லாமல் தொடர்ந்து, அறை முழுவதும் நீலப் பூவாகப் படர்ந்திருந்தது. இத்தனை வருடமாக இந்த டைலை விற்கிறேன். பெட்டியில் கிடக்கத்தான் பார்த்திருக்கிறேன். அவள் கணவரும் மாமியாரும் மிதிக்க மனம் வராமல் நுனிக்காலில் சுவரோரமாகவே நடந்தார்கள்.

"இந்த டைலையே போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டோம். மூலையில ஒரு தாள்தான் குறையுதுக்கா," என்றாள்.

என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அவள் முகத்தில் விட்டெறியக் கொண்டுபோனது. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை அந்த மூலையில் வைத்தேன்.