பாக்கியராஜின் கீழ்க்குரல்

ஆரோக்கிய ஜெனித் திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியானால் வேறு ஆள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தின் மாடியில் பன்னிரண்டு பேரை அரைவட்டமாக நிற்கவைத்துக் கையை உயர்த்துவார். கீபோர்டு கிடையாது, தபேலா கிடையாது. வெறும் தொண்டைகள். பூசைப் பாட்டும் அல்ல. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் புதிதாக எழுதும் பாட்டுகளை மட்டுமே அந்தக் குழு பாடும். ஒரே சொல்லை நாலு பேர் நாலு சுருதியில் இழுப்பார்கள்; சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். "தேன்கூட்டுல கல்ல வுட்ட மாதிரி இருக்குது" என்று ஊரில் சொன்னார்கள். குழுவில் இருந்தவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டு பேரில் ஒருவர் பாக்கியராஜ். பஸ் டெப்போவில் மெக்கானிக். ஐம்பத்து நாலு வயது. கீழ் ஸ்தாயியில் அவர் நின்றால் சன்னல் கண்ணாடி லேசாக அதிரும். ஒரே குறை, ழகரம் வராது. மழையை 'மயை' என்பார். ஜெனித் எத்தனையோ தடவை பாட்டை நிறுத்தித் திருத்தியிருக்கிறார்.

"வாய்ல வர்றதுதானே சார் வரும்" என்பார் பாக்கியராஜ்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் தொங்கும் மெல்லிய பருத்தித் துணி மூச்சுக்கு ஏற்ப ஆடும். பேச்சு அடியோடு போய்விட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் செல்போனில் எழுதிக் காட்டினார்.

குழுவுக்குப் பாட்டு எழுதுபவள் சகாய பிரியா. விழுப்புரத்தில் மருந்துக்கடை வேலை. ஞாயிறுதோறும் ரயிலேறி வந்து தானும் பாடுவாள். மிச்சமிருந்த பதினோரு பேருக்காகப் புதிதாக ஒன்று எழுதினாள். 'மழையே, மண்ணுக்குள்ளே உனக்கு எந்த ஊர்?' அந்த ஒரு வரிதான். அதைப் பிரித்தும் கோத்தும் ஏழு நிமிடம் பாட வேண்டும். கடைசியில் கேள்வி அப்படியே தொங்கலில் நிற்கும். கீழ்க்குரல் இருந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தாள்.

முதல் ஒத்திகையில் மூன்றாவது நிமிடத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. அடியில், மிகக் கீழே, ஒரு சுரம்.

ஜெனித் பதறவில்லை. "ரெண்டு குரல் சுத்தமா சேர்ந்தா காதுக்குள்ள மூணாவதா கீழ ஒண்ணு கேக்கும். இது பாடத்துலயே வருது" என்று விளக்கினார். எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் பாட்டு முடிந்து அவர் கையை மூடியபோது பதினோரு பேரும் நிறுத்தினார்கள். அந்தச் சுரம் நிற்கவில்லை. இரண்டு விநாடி தனியாக ஒலித்துவிட்டு அடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் அதற்குச் சொல் வந்துவிட்டது.

'மயையே...'

கடைசி வரிசையின் ஓரத்தில், பாக்கியராஜ் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற மரிய அருண் பாட்டை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிரியா எழுதாத ஒரு மெட்டை அந்தக் குரல் பாடியது. பாட்டுக்கு அது அத்தனை பொருத்தமாக இருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது.

மறுநாள் ஜெனித்தும் பிரியாவும் மயிலம் ரோட்டிலிருந்த பாக்கியராஜ் வீட்டுக்குப் போனார்கள். அவர் உள்ளே படுத்திருந்தார். மனைவி லூர்துமேரி வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மூணு வாரமா இப்டித்தாங்க. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு மேல நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துடறாரு. மூச்சு நின்னு நின்னு வருது. டாக்டரு பாத்துட்டு ஒண்ணுமில்லன்றாரு."

ஜெனித் உள்ளே போனார். எதையும் மறைக்காமல் பாக்கியராஜிடமே சொன்னார். அவர் எழுந்து உட்கார்ந்து கேட்டார். முகத்தில் பயம் இல்லை. செல்போனை எடுத்து எழுதினார்: 'நான் வந்து கேக்கணும்.'

"வேணாங்க" என்றாள் லூர்துமேரி. அவர் அதே வரியை அவளிடமும் காட்டினார்.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கதவருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். லூர்துமேரி பின்னால் நின்றாள். வெளியே நல்ல வெயில். ஜெனித் கையை உயர்த்தினார்.

மூன்றாவது நிமிடத்தில் குரல் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. பாக்கியராஜ் தலையை ஒருபக்கம் சாய்த்து, நெடுநாள் பிரிந்தவரைப் பார்ப்பதுபோல அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உதடுகள் சிரித்தன.

பாட்டு முடிந்தது. ஜெனித் கையை மூடினார். குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. பத்து விநாடி. இருபது. எந்த மனிதனும் இடையில் ஒரு தடவையாவது மூச்சு வாங்கியிருப்பான். அதற்கு மூச்சே தேவைப்படவில்லை. ஜெனித் மறுபடி கையை மூடினார். அது கண்டுகொள்ளவில்லை.

"சார்!" லூர்துமேரி அலறினாள். "துணி ஆடலீங்க! துணியப் பாருங்க!"

பாக்கியராஜின் கழுத்துத் துணி அசையாமல் தொங்கியது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அப்போதும் அவர் கண்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும். ஜெனித்துக்குத் தோன்றியது வேறு. அந்தக் குரல் பாக்கியராஜின் மூச்சில்தான் பாடுகிறது. நீண்ட சுரங்களைக் குழு எப்படித் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும்: ஒருவர் மூச்செடுக்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்வார், சுரம் அறுந்துவிடாது.

"அந்தச் சுரத்த எல்லாரும் புடிங்க!" என்று கத்தினார். "மூச்ச மாத்தி மாத்தி எடுங்க. அவருகிட்டருந்து சுரத்த நீங்க வாங்குங்க!"

முதலில் பிரியா பிடித்தாள், மேல் ஸ்தாயியில். அடுத்து ஆண்கள். சுவரோரம் நின்ற அருணும் கடைசியில் வாயைத் திறந்தான். பதினோரு பேரும் அந்த ஒரே சுரத்தில் நின்றார்கள். தங்கள் நடுவில் பன்னிரண்டாவது குரல் எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஜெனித் உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினார். சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. முனகலாகி ஓய்ந்தது.

அமைதியில் முதலில் கேட்டது துணியின் படபடப்புதான்.

நிறம் திரும்பப் பத்து நிமிடம் ஆனது. லூர்துமேரி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே அழுதாள். பாக்கியராஜ் செல்போனில் எழுதி ஜெனித்திடம் நீட்டினார்: 'நல்லா பாடிச்சு இல்ல?'



அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் விழுப்புரத்துக் கச்சேரியில் வேறு பாட்டுகள்தான் பாடினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்ட பாக்கியராஜ், முடிந்ததும் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குரல் பாடிய மெட்டு முழுவதையும் சுரம் சுரமாக எழுதியிருந்தார். மழைப் பாட்டை மறுபடி எடுக்கும்படி அடியில் ஒரு வரியும் எழுதியிருந்தார்.

"உங்க உசுரு போயிடும்ணே" என்றார் ஜெனித்.

பாக்கியராஜ் எழுதினார்: 'என் மூச்சு சார். எதுல செலவாவணும்னு நான் சொல்லக் கூடாதா?'

ஜெனித் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த மெட்டை அருணிடம் கொடுத்தார். அந்த வெறுமையில் ஆள் பாடினால் அந்தக் குரல் வர இடமிருக்காது என்று நினைத்தார். அவர் நினைத்ததுபோலவே ஆயிற்று. பாக்கியராஜ் முன்னிலையில் ஒத்திகை நடந்தது. அருண் பிசகாமல் பாடினான். கண்ணாடி அதிரவில்லை. பாட்டு முடிந்த இடத்தில் முடிந்தது. துணி சீராக ஆடிக்கொண்டிருந்தது.

பாக்கியராஜ் எழுந்து, செல்போனைத் தொடாமல், யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். பிறகு வரவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெனித் போன் செய்து விசாரித்தார்.

"நல்லாத்தாங்க இருக்காரு" என்றாள் லூர்துமேரி. "ஞாயித்துக்கெழம நாலு மணியானா தூங்கிடறாரு. தூக்கத்துல வாய் மட்டும் அசையுது. சத்தம் கித்தம் ஒண்ணுமில்ல."

போனை வைக்கப் போனவள் மறுபடி பேசினாள்.

"நான் கிட்டப் போய் காது குடுக்கறதில்லீங்க சார்."