கொக்கியில் இரண்டு பூட்டு

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்ததும் அதன் பிடியில் ஓர் இரும்புக் கொக்கியை மாட்டுவோம். கொக்கியில் ஆறு துளைகள். வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் ஒரு துளையில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் சுவிட்ச் நகரும். அடுத்தவர் பூட்டை யாரும் தொடக் கூடாது, முதலாளியே ஆனாலும். எவ்வளவு எளிமை பாருங்கள்: உள்ளே இருப்பவரின் உயிர் அவர் பையிலேயே இருக்கிறது.

அன்று கம்பெனி எங்களை அனுப்பிய கட்டடத்தின் எட்டாவது மாடியில்தான் என் அப்பா அம்மா இருக்கிறார்கள். எங்களை என்றால் என்னையும், நான்கு வருடமாக என்னோடு ஒரே வீட்டில் வாழ்கிறவரையும். கல்யாணம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அப்பாவுக்குத் தேவைப்பட்டது.

"ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடாதவன் எப்ப வேணா கிளம்பிடுவான். அவன் என் வாசப்படி ஏறக் கூடாது."

நான் அங்கே போகும்போதெல்லாம் என்னவர் கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பார். அந்த வாசலை அவர் தாண்ட வேண்டும். அப்பாவிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா கட்சி மாறிக்கொண்டே இருப்பாள். "கல்யாணத்துக்கு முன்னாடி உங்கப்பா என்னைப் பத்து நிமிஷம் பாத்தாரு. அதுக்கப்புறம் எங்கடி பாத்தாரு?"

இந்த லிஃப்டின் சுவிட்ச் பலகை அதே எட்டாவது மாடியில், சரியாக அப்பா வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொக்கியில் எங்கள் இருவர் பூட்டையும் மாட்டிவிட்டு, என்னவர் பலகையில் வேலை பார்த்தார். நான் ஐந்தாவது மாடியில் நின்ற லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி, தேய்ந்த உருளைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ஓடும் கூண்டு ஒரு நீளக் குழாய் மாதிரி. மேலே பேசுவது கீழே காதோரம் கேட்கும்.

முதலில் கேட்டது கட்டடச் செயலாளரின் மூச்சிரைப்பு.

"எட்டு மாடி ஏறி வரேன். நீ சும்மா நிக்கிற. வேலை முடிஞ்சுதுல்ல? திற!"

"என் வேலை முடிஞ்சுது சார். அவ வேலை முடியல."

"அந்தப் பொண்ணு டீ குடிக்கப் போயிருக்கும். உன் பூட்டை நீ கழட்டு, அது பூட்டை நான் வெட்டிடறேன், கட்டர் கொண்டாந்திருக்கேன்."

நான் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏனென்றால் அப்போது அப்பா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அவ உள்ள இருக்கா சார். வெட்டணும்னா முதல்ல என்னை வெட்டுங்க."

"பெரிய சினிமா!"

"என்ன தகராறு இங்க?" அப்பாவின் குரல். பிறகு, "தம்பி, உன் வேலை முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும் சார்."

"அப்ப உன் பூட்டு ஏன் இன்னும் தொங்குது?"

"அவ உள்ள இருக்கா சார்."

விதிப்படி வேலை முடிந்தவர் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். அது எனக்குத் தெரியும். அப்பாவும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"கழட்டலாமா?"

"கழட்டலாம். எனக்கு மனசு வராது."

"அந்தக் கட்டரை இப்படிக் குடுங்க," என்றார் அப்பா செயலாளரிடம். "படி ஏற முடியாதவங்களுக்குக் கீழ நாலு சேர் போடுங்க, போங்க. தம்பி, நீ உள்ள வந்து உக்காரு."

நான் முறுக்குவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். நான்கு வருடம்!

"இப்ப வர முடியாது சார். அவ வரட்டும்."

அம்மா சிரித்த சிரிப்பு கூண்டு முழுக்க இறங்கி வந்தது. "நீங்க கூப்பிட்டும் வரமாட்டேங்கறான் பாருங்க! இவனா கிளம்பிடுவான்?"

மீதி இரண்டு உருளைகளை அவசரப்படாமல்தான் முறுக்கினேன். ஆனால் மூன்று மாடிப் படிகளை ஓடியே ஏறினேன். என் பூட்டை நான் கழற்றினேன். பிறகு அவர் தன்னுடையதைக் கழற்றி, சுவிட்சைப் போட்டார். பெட்டி இழுபடாமல், குலுங்காமல், பாலில் மிதப்பதுபோல் எட்டாவது மாடிக்கு வந்து நின்றது. எங்கோ கீழே கைதட்டினார்கள்.

"அந்தக் கையெழுத்தையும் போட்டுட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்," என்றார் அப்பா. விடுவாரா?

"தோணும்போது போடறோம்பா."

"தோணாட்டி?"

"தோணாட்டி இப்படியே இருப்போம்."

அப்பா கட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

கிரீஸ் படிந்த பூட்ஸோடு அவர் நேராக உள்ளே போனார். அம்மா தரையில் பதிந்த கறுப்புத் தடங்களைப் பார்த்தாள். பிறகு காபி போடப் போனாள்.