கிடைத்தது, ரொம்ப நல்லது

1

இந்தக் கதை என் வாய் திறந்திருந்தபோது கிடைத்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. என் அத்தான் பல் டாக்டர். அவருடைய நாற்காலியில் நான் மல்லாந்து கிடந்தேன். கடைவாய்ப் பல்லின் வேரில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். வாய்க்குள் பஞ்சு, எச்சிலை உறிஞ்சும் குழாய், அத்தானின் இரண்டு விரல்கள். இந்த நிலையில் கதை கேட்பவன் குறுக்கே ஒன்றும் கேட்க முடியாது. கதையில் ஓட்டைகள் தென்பட்டால் என் பல்லைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அத்தான் ஆரம்பித்தது இப்படி: "ஒருத்தர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கார். என்ன கேள்வின்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு மத்தியானம் பதில் சொல்லணும்."

நான் "ஆ" என்றேன்.

"அதேதான்டா நானும் நினைச்சேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று அவர் நினைத்தாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பொதுவாக அத்தான் தவறுவதில்லை. வாயைப் பிளந்தபடி ஒருவர் "ஆ, ஆஆ, ஆ" என்பார், "அப்படியா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப கிளம்புறாங்க?" என்று இவர் கேட்பார், அவர் விரலைக் காட்டி வியாழக்கிழமை என்பார். உலகத்தில் யாருக்கும் புரியாதது புரிகிற காது அது. அந்தக் காதை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி மாட்டினார் என்பதுதான் கதை.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"எல்லாத் திசைகளிலிருந்தும் செய்திகள் வந்து விழும் சிறிய அறையில், தனிமையில் வாடும் ஒரு மனிதன்—"

வேண்டாம். அத்தானுக்குத் தனிமை கிடையாது. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் என்ற முறை—"

இது பாடப்புத்தகம். தேர்வு உண்டா என்று கேட்பீர்கள்.

"எல்லாம் அக்கா பரணைச் சுத்தம் செய்ததால் வந்த வினை." இது இருக்கட்டும். உண்மையும்கூட.

பரணில் இருந்தது அத்தானின் ரேடியோ. லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடி எங்கெங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அத்தான் கல்லூரிக் காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அதிலும் வாயால் பேசும் கட்சி இல்லை, தட்டும் கட்சி. கீ என்ற சின்னக் கருவியைத் தட்டினால் டிட், டா, டிட் என்று எழுத்து எழுத்தாகப் போகும். கல்யாணமாகி, கீழ்வீட்டில் கிளினிக் திறந்து, பெரிய பெண் பிறப்பதற்குள் அதை மூட்டை கட்டிவிட்டார். இவர் தட்டத் தட்ட, எதிர்வீட்டு டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் முகம் கோணுகிறது என்று சண்டை வேறு வந்தது. இப்போது பெண்கள் இருவரும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். எதிர்வீட்டுக்காரரும் வீடு மாற்றிவிட்டார்.

ஒன்று உபயோகப்படுத்துங்கள், இல்லாவிட்டால் எடைக்குப் போடுங்கள் என்று அக்கா சொன்னாள். அத்தான் "ம்" என்றார். மறுநாள் எக்ஸ்ரே அறையில் மேஜை போட்டாகிவிட்டது.

(அக்காவை உள்ளே கொண்டுவர இது நல்ல இடம். அவள் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாள். அத்தானின் ஆன்டெனாக் கம்பி துணிக்கொடிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஈரப் போர்வை அதில் பட்டால் சிக்னல் கெடும் என்பதால் மத்தியானத்தில் போர்வை காயப்போடத் தடை. "துணி காயப்போட நானும் லைசென்ஸ் எடுக்கணுமா?" என்கிறாள். அக்காவுக்கு இந்தக் கதையில் இவ்வளவு போதும்.)

3

இனி அத்தான் செய்த தவறு. தட்டுகிறவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. நீங்களும் நானும் ஆசைப்பட்டாலும் முடியாது.

கை மறப்பதில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கீயைத் தொட்டதும் அத்தானின் விரல்கள் பழைய வேகத்தில் பறந்தன. "யாராவது இருக்கிறீர்களா?" என்று சரமாரியாகத் தட்டினார். காது அப்படி இல்லை. காதுக்கு எல்லாம் மறந்துவிட்டது. அது அத்தானுக்குத் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் எந்த வேகத்தில் தட்டுகிறாரோ, அதே வேகத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு மனிதர் அந்த மரியாதையைக் கடைப்பிடித்தார். அடைமழை மாதிரி வந்து கொட்டியது. அத்தானுக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

மெதுவாக அனுப்புங்கள் என்று சொல்ல மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட வெட்கப்படாமல் கேட்பார்கள். அத்தான் கேட்கவில்லை. முழு வேகத்தில், கச்சிதமாக, "எல்லாம் கிடைத்தது, ரொம்ப நல்லது, வணக்கம்" என்று தட்டினார். அந்த மனிதர் அடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கடுத்த நாளும்.*

* ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு இந்த வாயுபசாரம் ரத்தத்தில் ஊறியது என்கிறார் அத்தான். "உங்கள் சத்தம் கணீரென்று கேட்கிறது, உங்கள் பெயர் என்னவென்று தயவுசெய்து மூன்று முறை சொல்லவும்" என்று ஒரே மூச்சில் அனுப்புகிறவர்கள் உண்டாம்.

4

இப்படி மாதக்கணக்கில் நடந்தது. கிளினிக் சாத்தியிருக்கும் மத்தியான வேளையில் அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் காது திரும்பியது. ஆனால் ஒரு சொல் அகப்படுவதற்குள் அடுத்த இருபது ஓடிவிடும். மழை. நாய். மாடிப்படி. மறுபடியும் நாய். இந்த நாலை வைத்துக்கொண்டு அந்த மனிதரின் வாழ்க்கையை ஊகிக்கப் பார்த்தார். அவருக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. "நல்ல மனுஷன்டா" என்று பல்லைக் குடைந்துகொண்டே என்னிடம் சொன்னார். எப்படித் தெரியும் என்று என்னால் கேட்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள் "ஆஸ்பத்திரி" என்ற சொல் வந்தது. அத்தான் திடுக்கிட்டார். திடுக்கிட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் கை தன் வழக்கமான வேலையைச் செய்துவிட்டது. எல்லாம் கிடைத்தது, ரொம்ப நல்லது, வணக்கம்.

அதற்கப்புறமும் அந்த மனிதர் வருவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகவே பேசினார்.

இந்த இடத்தில் புத்திசாலி வாசகர் கை தூக்குகிறார்: பதிவு செய்துகொண்டு மெதுவாக ஓட்டிக் கேட்டால் என்ன? நானும் பஞ்சை எடுத்தவுடன் இதைத்தான் கேட்டேன். அது போங்காட்டம் என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கை கழுவினார். பிறகு, பயமாக இருக்கிறது என்றார்.

நான் நாற்காலியில் மல்லாந்ததற்கு முந்தின நாள் அந்த மனிதர் வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடித்தார். முடிவில் கேள்விக்குறி வந்தது. டிடிட் டாடா டிடிட். மோர்ஸில் அதைத் தவறவிடவே முடியாது. கூடவே "நாளை மறுநாள், இதே நேரம்" என்பது இரண்டு முறை. அத்தானின் கை அப்போதும் சும்மா இருக்கவில்லை.

ஆக, ரொம்ப நல்லது என்று சொல்லியாகிவிட்டது. எதற்கு என்றுதான் தெரியாது.

5

(இந்தப் பகுதியில் மோர்ஸ் குறியீட்டின் தத்துவம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு அடித்துவிட்டாள்.)

6

முடிவுகள். வீங்கின கன்னத்தோடு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: அத்தான் "சரி" என்கிறார். ஒரு வாரத்தில் வாசலில் பெட்டி, ஏணி, ஆன்டெனாக் கம்பி, நாயோடு அந்த மனிதர் நிற்கிறார். உங்களோடு வந்து தங்கிவிடலாமா என்பதுதான் கேள்வி. மிச்சப் படுக்கை இல்லாததால் அவரைப் பல் நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைக்கிறோம். காலையில் நர்ஸ் வந்து, வழக்கம்போல் கழுத்தில் துணி கட்டி, வாயில் பஞ்சை வைக்கிறாள். அவர் "ஆ" என்கிறார். அத்தானுக்கு முதல் முறையாக அவர் பேசுவது முழுக்கப் புரிகிறது.

எனக்கு இது பிடித்திருந்தது. நாய்க்கு யார் சோறு போடுவது என்று அக்கா கேட்டாள். அதோடு போயிற்று.

இரண்டாவது முடிவு: அத்தான் "இல்லை" என்கிறார். அந்தப் பக்கம் அமைதி. மறுநாளும் அமைதி. அத்தான் குமிழைத் திருகித் திருகி—

இதை அத்தானே நிறுத்தினார். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாவது முடிவு, என் செல்லம்: அந்த மனிதர் முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது "நான் மெதுவாக அனுப்பட்டுமா?" என்றுதான். தினமும் கேட்டார். தினமும் இவர் ரொம்ப நல்லது என்றார்.

நானே சிரித்துக்கொண்டு படித்துக் காட்டினேன். அத்தான் சிரிக்கவில்லை.

"என்னை அவ்வளவு சுலபமா தப்பிக்க விடாதேடா" என்றார். "ஆஸ்பத்திரின்னு சொன்ன ஆளுக்கு ரொம்ப நல்லதுன்னு சொன்னேன். யார் படுத்திருந்தாங்களோ. இருக்காங்களோ இல்லையோ."

அவர் கண் கலங்கியிருந்தது. பல் டாக்டர் அழுது நான் பார்த்ததில்லை. அங்கே அழுவது எப்போதும் மற்றவர்கள்தான். நான் பேனாவை மூடிவைத்தேன்.

புரியவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். இத்தனை மாதம் புரிந்தது என்று சொல்லிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்றார் அத்தான். முகம்தான் ரேடியோவில் தெரியாதே என்றாள் அக்கா. தட்டுக் கழுவப் போகிறவள் என்னைப் பார்த்து, இந்தக் கதையில் தான் ஏன் துணி மட்டும் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று விசாரித்தாள். நானும் ஒரு கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லவில்லை, அதையும் எங்காவது சேர்த்துக்கொள் என்றாள்.

பார்க்கலாம் என்றேன். நான் மூன்றாவது முடிவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

7

மறுநாள் மத்தியானம். எக்ஸ்ரே அறை. இதை யோசித்து எழுதவில்லை; பக்கத்தில் நின்றேன்.

அந்த மனிதர் வந்தார். அத்தான் ஒரு காதை மட்டும் ஹெட்போனுக்குக் கொடுத்து, கீயில் கை வைத்து, முதல் முறையாக மெதுவாகத் தட்டினார். சொத்தைப் பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. எங்களுக்காக வாயாலும் சொல்லிக்கொண்டே தட்டினார். மெதுவாக அனுப்புங்கள். இதுவரை எனக்கு எதுவும் புரியவில்லை. மன்னியுங்கள்.

நிறுத்தினார். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.

கதவருகே நின்ற அக்கா, "பரவாயில்லையே, கேக்கத் தெரியுதே" என்றாள். பிறகு, "என்கிட்டயும் ஒரு தடவை அப்படிக் கேளுங்க" என்றாள்.

அத்தான் "ம்" என்று தொடங்கி, அதைப் பாதியில் விழுங்கினார். நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன கேட்ட? மெதுவா சொல்லு."

"போன மாசம் டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட வரீங்களான்னு கேட்டேன். ரொம்ப நல்லதுன்னீங்க. நான் தனியா போயிட்டு வந்துட்டேன்."

பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள். என் கதையில் இது எங்கேயும் இல்லை. மூன்று முடிவு எழுதியவன், அவள் கூடப்பிறந்தவன், அவள் கையால் தினமும் சாப்பிடுகிறவன், எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார் அத்தான்.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா.

அப்போதுதான் ஹெட்போனில் சத்தம் கேட்டது. அந்த மனிதர் பதில் அனுப்பத் தொடங்கிவிட்டார். அவ்வளவு மெதுவாக யாரும் தட்டி நான் கேட்டதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் நின்று, காத்திருந்து, அடுத்ததை அனுப்புகிறார். அத்தான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து, தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை அவள் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆகவே வாசகரே, ஓர் உதவி. அந்த ஆஸ்பத்திரியில் யார், கேள்வி என்ன, எல்லாம் இப்போது வந்துகொண்டிருக்கிறது. எழுதிக்கொள்ள முடிகிற வேகத்தில்தான் வருகிறது. ஹெட்போன் மேஜைமேல் இருக்கிறது, பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. அவர் முடித்ததும் யாராவது பதில் சொல்ல வேண்டும். புரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள், புரியாததைத் திரும்பக் கேளுங்கள். எங்களால் இப்போது முடியாது. அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.