மாடிப்படிச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

"இதோட நாலாவது தடவை சொல்றேன்! உன் மெஷின் ஓடுறப்ப என் அலமாரியில கப்பு சாசர் எல்லாம் டான்ஸ் ஆடுது!"

"உங்க கப்பு சாசருக்கு ஆடணும்னு ஆசை வந்தா, அதுக்கு நானா டீச்சர் பொறுப்பு?"

மாடிப்படியின் நடுவில் நின்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். முதல் மாடி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது; குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. இரண்டாம் மாடித் தையல்காரிக்கு நாற்பது வயது, தனிக்கட்டை, வீட்டில் மூன்று மோட்டார் மெஷின். டீச்சருக்கு எதிர்வீடு எங்களுடையது. குப்பை கொட்டுகிற சாக்கில் நானும் கூடையோடு வாசலில் நின்றிருந்தேன். காலை பதினொரு மணிக்கு யார் குப்பை கொட்டுவார்கள் என்று கேட்கக் கூடாது.

அப்போதுதான் ஆடியது.

முதலில் கைப்பிடிக் கம்பி கிர்ரென்றது. அடுத்து, காலுக்கடியிலிருந்து யாரோ பாயை உருவுவது போலப் படி நகர்ந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"மொதல்ல அந்த மெஷினை நிறுத்துடி!" என்று அலறினார் டீச்சர்.

"எங்க டீச்சர் ஓடுது? நான் இங்கல்ல நிக்கிறேன்!"

அதைக் கேட்ட பிறகுதான் ஆடுவது கட்டடமே என்று மூன்று பேருக்கும் புரிந்தது. எல்லாம் பத்து வினாடிகூட இருக்காது. எங்களைப் பொறுத்தவரை பூகம்பம் என்பது டிவியில் வேறு யாருக்கோ வருவது. ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆட்டம் நின்றதும் தெருவில் ஒரு சத்தமில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. படிச் சுவரில், டீச்சர் வீட்டு நிலையிலிருந்து தையல்காரி வீட்டு நிலைவரை கோணல்மாணலாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் சுண்டுவிரல் நகம் அதில் நுழைந்தது. நுழைத்துப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு வர்றா," என்றார் டீச்சர், யாரிடம் என்றில்லாமல். மகளுக்கு ஒன்பதாம் மாதம். மருமகன் வெளியூர் வேலையில் இருந்ததால், பிரசவம் முடிகிறவரை அம்மாவோடு இருப்பதாக ஏற்பாடு. தொட்டில்கூட வாங்கியாகிவிட்டது. அதைப் போட்டிருந்த அறைக்குப் பின்சுவர்தான் இந்தச் சுவர்.

கீழ்வீட்டு மேஸ்திரி மூச்சு வாங்க ஏறி வந்தார். கட்டடத்தைக் கட்டியவரும் அவர்தான், சொந்தக்காரரும் அவர்தான். "ஆறு மாடிக்கு அஸ்திவாரம் போட்டு ரெண்டு மாடியோட நிறுத்துனவன் நான். இதெல்லாம் பூச்சு வெடிப்பு," என்றார். டிவியிலும் லேசான அதிர்வு, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். டீச்சர் மட்டும் விடவில்லை. கடைசியில் மேஸ்திரி ஒரு நீளக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட்டால் ஒட்டினார்.

"கண்ணாடி உடையலேன்னா விரிசல் செத்துப்போச்சு. உடைஞ்சா உயிரோட இருக்கு, இன்னும் வாயைத் திறக்குதுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க டீச்சர். உடையலேன்னா தாராளமா பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

விரிசலுக்கு உயிர் உண்டு என்று கேட்ட பிறகு யாருக்கு நிம்மதி? டீச்சர் ஒரு நாளைக்கு இருபது தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உடைஞ்சா உன் மெஷினாலதான்," என்று மேலே பார்த்து மிரட்டவும் செய்தார். எங்கள் குளியலறைக் கதவு திடீரென்று தாழ்ப்பாளுக்கு எட்டாமல் போனது. தையல்காரி வீட்டில் கீழே விழுந்த நூல்கண்டெல்லாம் ஒரே மூலைக்கு உருண்டது.

வியாழக்கிழமை காலை கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் ஒட்டியதன் ஓரத்தில் நீலப் பெயின்ட் தீற்றல் இருந்தது, இதில் இல்லை. சிமென்ட்டும் ஈரமாக, கருத்துக் கிடந்தது.

நேரே தையல்காரியிடம் ஏறினேன்.

"தெரியும்க்கா," என்றாள், தலை நிமிராமல். "பால் வாங்க இறங்குறேன், மேஸ்திரி ஈரத்துணியால துடைச்சிட்டிருக்காரு. காலடியில உடைஞ்ச கண்ணாடி, ரெண்டு துண்டா."

"டீச்சர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா? என் மெஷின்தான் உடைச்சுதும்பாங்க. மேஸ்திரியும் ஆமா போடுவாரு. அப்புறம் மூணு மெஷினோட நான் தெருவுல நிக்கணும். நீங்க சொல்லுங்களேன்."

தெருவில் எவர் வீட்டுச் சங்கதியையும் சுடச்சுடக் கொண்டுபோய்ச் சேர்க்கிற எனக்கு அன்றைக்கு வாய் அடைத்துக்கொண்டது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்களுக்கும் போக்கிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை டாக்சி வந்து நின்றது. டீச்சரோடு நானும் கீழே நின்றிருந்தேன். மகள் இடுப்பில் கை வைத்தபடி மெல்ல இறங்கினாள். மேஸ்திரியே கேட்டைத் திறந்துவிட்டு, "வாம்மா, கண்ணாடி கல்லு மாதிரி இருக்கு. அம்மாதான் சும்மா பயந்துட்டாங்க," என்று சிரித்தார். அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரி தடதடவென்று இறங்கி வந்தாள். "ஏறாதம்மா!"

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்றார் டீச்சர்.

"கண்ணாடி நேத்தே உடைஞ்சிருச்சு டீச்சர். இது மாத்தி ஒட்டினது. என் மெஷின்தான் உடைச்சுதுன்னே வெச்சுக்கங்க, ஊர் பூரா சொல்லிக்கங்க. பிள்ளைத்தாய்ச்சியை மட்டும் மேல ஏத்தாதீங்க."

"பொறாமையில உளர்றா," என்றார் மேஸ்திரி. முகத்தில் ரத்தமில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீ பார்க்காத விஷயம் இந்த பில்டிங்ல உண்டா?"

எத்தனையோ பேர் என்னை அப்படிக் குத்திக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் உறைத்தது. "மாத்தின கண்ணாடிதான் டீச்சர்," என்றேன். "பழசுல நீலப் பெயின்ட் இருந்துச்சு."

டீச்சர் மகளைக் கையைப் பிடித்து டாக்சியில் திரும்ப உட்கார வைத்தார். மேலே, படிச் சுவர்ப் பக்கம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். யாரும் ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

"நீயும் வெளிய வாடி," என்றார் டீச்சர் தையல்காரியிடம். "மெஷின் கிடக்குது."

அடுத்த வாரம் நகராட்சி இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அன்று மாலையே கட்டடத்துக்குப் பூட்டு. டீச்சர், மகளின் ஊருக்கே குடிபோய்விட்டார். பிறந்தது பெண், அம்மம்மாவின் குரலாம். தையல்காரி, மெஷின்களை ஏற்றிப்போக வந்த லாரிக்காரரையே நாலு மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டாள்; டீச்சர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு தெரு தள்ளி, தரைத்தளமாகப் பார்த்து வந்துவிட்டோம். மேஸ்திரி, தன் மகன் இருக்கும் ஊருக்குப் போனார். அங்கே எதையோ கட்டிக்கொண்டிருக்கிறாராம். குடிவருகிறவர்கள் இப்போதே முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார்களாம்.