அண்ணன் போட்ட கையெழுத்து

விடியுமுன்னே சலவை ஆலையின் கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த போர்வைகளை ஈரத்தோடு உதறி, கொதிக்கும் தேய்ப்பு உருளைக்குள் செலுத்துவது அவள் வேலை. கை மயிர் கருகும். ரவிக்கை முதுகோடு ஒட்டும். அன்று நடுவில் மூன்று முறை வேலையை விட்டு வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். மகளுக்கு மூச்சிழுப்பு நிற்கவில்லை.

ஆலையின் பின்சுவரை ஒட்டி முதலாளி கட்டிக்கொடுத்த இருபது அறைகளில் ஒன்றுதான் வீடு. ஆலையின் நீராவிக் குழாய் அந்த ஜன்னல்களுக்கு நேரே வாய் திறந்திருந்தது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம். பாயில், தலையணையில், பள்ளிக்கூடப் பையில் அதே வாடை. "மருந்து பாதிதாம்மா. அந்தச் சுவர் காயாம புள்ளை நெஞ்சு தேறாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

போன மாதம் குழாயைத் திருப்பச் சொல்லி இருபது குடும்பமும் சேர்ந்து எழுதிய மனுவை மேஸ்திரியிடம் கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். போன வருஷம்வரை அதே வரிசையில் குடியிருந்தவன். "நான் இருக்கேன்ல, விடு" என்றான். மறுவாரமே சுண்ணாம்படிக்க ஆள் வந்தது. எல்லோரும் அவனை வாயார வாழ்த்தினார்கள். ஒரே மழையில் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு கறுப்பு வெளியே வந்தது.

அன்று மத்தியானம் பெண்கள் முதலாளியின் அறைக்கே போனார்கள்.

"குழாயை வேற பக்கம் திருப்புங்க சார். புள்ளைங்களால மூச்சு விட முடியல."

"வீட்டுக்குள்ள துணி காயப்போட்டா பூசணம் பூக்காம மல்லிகையா பூக்கும்? ஜன்னலைத் திறந்து வைங்க."

"திறந்தா உங்க ஆவிதான் சார் உள்ள வருது."

முதலாளி ஒரு காகிதத்தை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார். "நானா சொல்றேன்? உன் அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கான். சுகாதார ஆபீசுக்கும் இதுதான் போயிருக்கு."

'அறைகளில் குறை ஏதுமில்லை. குடியிருப்போரின் சுத்தக் குறைவே காரணம்.' கீழே அண்ணனின் கையெழுத்து. போன வாரம்கூட மருமகளை மடியில் சாய்த்து முதுகு தடவிக்கொடுத்த கை.

அவன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எழுதலைன்னா என் வேலை போயிடும்மா. என் நிலைமையையும் பாரு."

"மாமா மாமான்னு உன் கழுத்தைக் கட்டிக்கிட்டு இரைச்சாளே, அது உன் காதுல விழலையா?"

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "குழாயைத் திருப்புற வரைக்கும் நான் உருளையில கை வைக்க மாட்டேன். மனுவை மறுபடி எழுதுவோம். இந்தத் தடவை சுகாதார ஆபீசுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்."

"இருக்கிற வீடும் போயிட்டா?" என்றாள் கர்ப்பிணி ஒருத்தி.

"இருக்கிற வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள் பக்கத்து அறைக்காரி. ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும்.

மறுநாள் காலை இருபது குடும்பமும் ஆலை வாசலில் உட்கார்ந்தன. அண்ணன் வரவில்லை. சாயங்காலத்துக்குள் அறைகளைக் காலிசெய்ய வேண்டும் என்று காவலாளி வந்து சொல்லிப் போனான். யாரும் எழவில்லை.

அழுக்குத் துணி ஏற்றிவந்த வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"உங்க வீடு இங்க இல்லையே, அண்ணே. நீங்க ஏன் வேலையைக் கெடுத்துக்கிறீங்க?" என்றாள் அவள்.

"அண்ணேன்னு கூப்பிட்டுட்டல்ல? கொஞ்சம் தள்ளு, நானும் உக்காரணும்."

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.