உள்ளே போன கால்

கல்யாணப் பார்ட்டி கடைசி நேரத்தில் வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டதால் சுதாகருக்கு அந்தச் சனிக்கிழமை சும்மா கிடைத்தது. வாடகை வேன் ஓட்டுகிறவன் சும்மா படுத்துக் கிடப்பானா? திண்டிவனத்தில் அக்கா வீட்டு வாசலில் ஆம்னியைக் கொண்டுவந்து நிறுத்தி ஹாரனை அழுத்தினான்.

“எங்க மாமா?” என்று கையில் சீப்போடு வெளியே வந்தாள் அஸ்வினி. பத்தாவது படிக்கிறவள்.

“எங்கியும் இல்ல. வண்டி திரும்புற பக்கம். வர்றவங்க வரலாம்.”

“எங்கன்னு தெரியாமலே போவீங்களா? வெயில்ல கருவாடாட்டம் காய்ஞ்சிக்கினு வாங்க,” என்று உள்ளேயிருந்து அவள் அம்மா ஜெயம் கத்தினாள். அதற்குள் அண்ணன் சித்தார்த்தன் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டான்.

ஒரே ஒரு சட்டம்தான் போட்டுக்கொண்டார்கள். ரோடு எங்கே பிரிந்தாலும் அண்ணன் ஒரு தரம், தங்கை ஒரு தரம், இடது வலது சொல்ல வேண்டும். மாமன் மறுபேச்சு பேசாமல் ஒடிக்க வேண்டும். ஒலக்கூர் தாண்டியதும் பெரிய ரோடு போய்ச் சின்ன ரோடு வந்தது. அதுவும் போய்க் கப்பி ரோடு. இரண்டு பக்கமும் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, வேரெல்லாம் கடலை. வழியில் வாங்கிய வேகவைத்த மல்லாட்டையின் தோல் வண்டி முழுக்கச் சிதறிக் கிடந்தது. மூவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அஸ்வினியின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. அடிவயிற்றில் சுரீரென்றது. பத்து நாள் முன்னதாகவே மாதவிலக்கு வந்துவிட்டது. கையில் ஒரு துணி கூட இல்லை. முன்னால் இருப்பது இரண்டு ஆம்பளைகள்.

“மாமா, எங்கனா கட இருந்தா நிறுத்து.”

“இன்னாத்துக்கு?”

“சும்மா.”

“சும்மாவுக்கு எவன் கட வச்சிருக்கான்?” என்றான் சித்தார்த்தன். “இங்க லெஃப்டா ரைட்டா? உன் டர்ன்.”

அவள் இடது என்றாள். எதையும் யோசித்துச் சொல்லவில்லை.

அந்த இடது போய் முட்டிய ஊருக்குப் பெயர் என்னவென்று தெரியவில்லை. பேர்ப்பலகையின் மேல் யாரோ போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ரோட்டின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதன் அடியில் வண்டி நுழைந்தபோது இலைகள் கூரையில் சரசரவென்று தடவிவிட்டன.

தெருவில் ஆளில்லை. அது பெரிய விஷயமில்லை, உச்சி வெயில். ஆனால் நாயும் இல்லை. கோழி இல்லை. கொட்டாயில் மாடு இல்லை. சாணி மட்டும் இன்னும் காயாமல் கிடந்தது. எல்லா வீட்டுக் கதவும் அகலத் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு செம்புத் தண்ணீர், அதில் வேப்பங்கொத்து.

“எவனா செத்துட்டானோ? எல்லாம் எழவுக்குப் போயிருக்கும்,” என்றான் சுதாகர்.

“எழவுக்குக் கோழியுமா மாமா போவும்?” என்றான் சித்தார்த்தன்.

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது போலிருந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிக்க வேண்டுமென்று மாமனும் அண்ணனும் கேனைத் தூக்கிக்கொண்டு பம்பு தேடிப் போனார்கள். அஸ்வினி, “நான் ஒதுங்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்கம் போனாள். குளிக்கிற தட்டி மறைப்பு இருந்தது. துணி இல்லை. கொடியும் காலி. தோட்டத்துக் கதவும் திறந்தே கிடந்தது.

“யாருனா கீறீங்களா? யக்கா?”

பதில் வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. நடு வீட்டில் தலைவாழை இலை விரித்துக் கூழும் முருங்கைக் கீரையும் வைத்திருந்தார்கள். ஒரு ஈ கூட அதில் மொய்க்கவில்லை. உத்தரத்துக்குக் கீழே கயிற்றில் பழம்புடவைகள் தொங்கின. எக்கினாள், எட்டவில்லை. இன்னொரு தரம் எக்கியபோது ஒரு புடவை தானாக நழுவி, அவள் கைக்குள் மெத்தென்று விழுந்தது. கயிறு பழசு போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்க முடிந்தது. வெளியே அனல் அடித்த வேளையில் அந்த நடுவீடு மட்டும் கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர்ந்திருந்தது.

புடவையைக் கிழித்து வேண்டியதைச் செய்துகொள்ளவும், தெருப்பக்கம் ஆம்னி ஹாரன் விடாமல் அலறவும் சரியாக இருந்தது. நடுவீட்டின் கோடியில் இருந்த இருட்டு மூலையை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று தோன்றியது. முன்வாசல் வழியாகவே ஓடினாள். நிலைப்படியில் பாதம் மெத்தென்று எதிலோ அழுந்தியது. அடுப்புச் சாம்பல்.

“எங்கடி போய்த் தொலைஞ்ச? ஏறு ஜல்தி!” மாமன் முகத்தில் ரத்தமில்லை. “ஊரு முழுக்க சுத்தியாச்சி. ஒரு குஞ்சு கெடையாது. இலை மட்டும் வூட்டுக்கு வூடு போட்டு வச்சிருக்காங்க. பேஜாரா கீது.”

வண்டி தோரணத்தைத் தாண்டவில்லை. எதிரே ரோடு நிறைய ஜனம். பானை சட்டியும் பாயும் தலையில், கோழிகள் கூடையில், மாடுகள் கயிற்றில், குழந்தைகள் இடுப்பில். அத்தனை பேரும் நடந்து வந்தார்கள். ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. குழந்தை கூட அழவில்லை. சுதாகர் எஞ்சினை நிறுத்தினான். கூட்டம் ஆற்றுத் தண்ணீர் போல வண்டியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போனது. ஒருவர் மட்டும் நின்றார். தோளில் துண்டு, நெற்றியில் குங்குமம்.

தோரணத்தைக் கடந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். தேவநாதன் என்றார், ஊர்ப் பெரியதனக்காரர். “வருசத்துல ஒரு பகலு வூட்டயெல்லாம் அம்மாளுக்கு வுட்டுட்டுத் தோப்புல போய் ஆக்கித் துண்ணுட்டு வருவோம். நெலப்படியில சாம்பலத் தூவிட்டுப் போவோம். யாரு வூட்டுக்கு வந்தா, வந்தவ தங்குனாளா போய்ட்டாளான்னு காலு சொல்லிடும். அவ தங்குனா அந்த வூட்டுக்கு நல்லது. நீங்க உள்ள எதுனா காலு வச்சீங்களா?”

“இல்லீங்க. தெருவோட நின்னுட்டோம்,” என்றான் சுதாகர். அவனைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

“திண்டிவனத்துல எந்தத் தெரு? யாரு வூட்டுப் புள்ளைங்க?”

அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று மூவருக்கும் தெரியும். “பஸ் ஸ்டாண்டாண்டங்க,” என்றான் சுதாகர், குரலைத் தாழ்த்தி.

அப்போதுதான் அந்த ஓட்டு வீட்டு வாசலில் ஒரு கிழவியின் ஓலம் கிளம்பியது.

கூட்டத்தோடு கூட்டமாக அவர்களும் போக வேண்டியதாயிற்று. நிலைப்படிச் சாம்பலில் கால்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. உள்ளே போகிற ஒரு ஜோடி. வெளியே வருகிற ஒரு ஜோடி.

“வந்தா. வந்துட்டுப் போய்ட்டாளே!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள் அந்தக் கிழவி, குப்பம்மாள். அவள் பக்கத்தில் மருமகள் ருக்கு மேடிட்ட வயிற்றின்மேல் கையை வைத்தபடி கல்லாகி நின்றாள். ஏழாம் மாசத்தில் ஏற்கெனவே ரெண்டு தங்கவில்லையாம், இது மூணாவது, பெண்கள் கிசுகிசுத்தார்கள். கிழவி மகன் பக்கம் திரும்பினாள். “டேய் வேங்கடேசா, இவ வவுத்துல எதுவும் நிக்காதுன்னு அவளே சொல்லிட்டா. காலையில கூட்டிக்கினு போயி அவ அம்மா வூட்லயே வுட்டுட்டு வா. இனிமே இங்க வாணாம்.”

வேங்கடேசன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. சாம்பலில் பதிந்த காலைப் பார்த்தான். “சரிம்மா,” என்றான்.

வெளியே வந்த கால் தன்னுடையது என்று அஸ்வினிக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரு கேட்பார்கள். ஏன் நுழைந்தாய் என்பார்கள். அந்த நாளில், அம்மாளுக்கு விட்ட வீட்டில், எந்த நிலையில் நுழைந்தாள் என்பதும் வந்துவிடும். மாமனையும் அண்ணனையும் அடித்தே போட்டாலும் கேட்க நாதியில்லை. சித்தார்த்தன் அவள் கையைப் பிடித்து, “வாடி, போலாம்,” என்று வாய்க்குள் சொன்னான். இரண்டடி நகர்ந்தாள். ருக்கு அழவில்லை; உள்ளே போய்த் தன் மாற்றுப் புடவையை எடுக்கலாமா கூடாதா என்று மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் அஸ்வினியால் தாங்க முடியவில்லை.

“அது அம்மா காலு இல்ல,” என்றாள். “என் காலு.”

மாமனின் விரல்கள் அவள் தோளில் இறங்கின. தெரு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

“இன்னாடி சொன்ன?” குப்பம்மாள் கிட்டே வந்தாள். பழைய வெற்றிலை வாசனை. “இன்னாத்துக்குடி என் வூட்டுல பூந்த?”

அஸ்வினி அவள் காதருகே சொன்னாள். துணி வேணும். தூரமாய்ட்டேன். வேற ஆளில்ல. கிழவியின் கை ஓங்கியது. ஓங்கியபடியே அந்தரத்தில் நின்றது. ஏதோ கணக்குப் போடுகிறவள் போல அவள் கண் சாம்பலுக்குப் போய்த் திரும்பியது.

“எந்தப் பக்கம் வந்த?”

“தோட்டத்துப் பக்கம்.”

“போனது?”

“இப்டி. ஹாரன் அடிச்சாங்க, ஓடியாந்தேன்.”

“உள்ள வரச்ச இத மிதிச்சியா?”

“இல்லீங்க. சத்தியமா இல்ல.”

குப்பம்மாள் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்து, வெளியே வந்த கால்தடத்தின் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு உள்ளே போன தடத்தின் பக்கத்தில் வைத்தாள். அது நீளம். ஒடுங்கிய கால். குதிகால் எங்குமே பதியவில்லை. முன்பாதமும் விரல்களும் மட்டும். தூங்குகிறவர்களை எழுப்பாமல் நடக்கிறவர்கள் வைப்பது போல.

கிழவி கையை எடுத்துக்கொண்டாள். தேவநாதன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். போன கால் ஒன்று. திரும்பி வந்த கால் அதனுடையது இல்லை.

அஸ்வினி திறந்த கதவைப் பார்த்தாள். அந்த இருட்டு மூலை. அவள் எக்கியபோது, துணி கிழித்தபோது, பாவாடையைத் தூக்கியபோது.

கூட்டம் படியை விட்டு ஒரு அடி பின்வாங்கியது. வேங்கடேசனும்தான். “மொதல்ல யாருனா கற்பூரம் எடுத்தாங்கப்பா,” என்றது ஒரு குரல். யாரும் நகரவில்லை.

ருக்கு மட்டும் முன்னால் வந்தாள். அஸ்வினியின் எதிரே நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்: “உள்ள உன்ன எதுனா பண்ணாளா?”

அஸ்வினி யோசித்தாள். “இல்லக்கா. ஒன்னும் பண்ல.”

ருக்குவின் முகம் தளர்ந்தது. “எம்மே, நில்லு! ருக்கு!” என்று மாமியார் பதறுவதற்குள், சாம்பலை மிதிக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி, அந்தக் குளிர்ந்த இருட்டுக்குள் போய்விட்டாள்.

“வண்டில ஏறு,” என்றான் சுதாகர். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யாருக்கும் அவர்கள் ஞாபகமே இல்லை. எல்லோருடைய கண்ணும் அந்தத் திறந்த கதவின் மேலிருந்தது.

வண்டி நகர்ந்து அந்த வாசலைக் கடந்தபோது ஜன்னலோரம் இருந்த அஸ்வினிக்கு ருக்குவின் குரல் கேட்டது. வீட்டுக்கு வந்த உறவுக்காரியிடம் கேட்பது போல, “இன்னும் துண்ணலியா? ஏன் நின்னுக்கினே கீற, குந்து,” என்றாள். அப்புறம் பதிலுக்கு ஆகும் அளவு நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சிரித்தாள்.